குதிக்கும் கால்களுக்கு எந்தக் காலணி?

பள்ளியின் சிமெண்டுத் தரையில் அரை மணி நேரம் கயிறு தாண்டுகிறீர்கள். மறுநாள் அதே அரை மணி நேரம் தனுஷ்கோடிக் கடற்கரையின் உலர்ந்த மணலில் குதித்து ஓடி விளையாடுகிறீர்கள். எதில் மூச்சு அதிகம் வாங்கும்? எதில் எலும்பு வலிக்கும்?

இராமநாதபுரம் கடற்கரைப் பகுதியில் வாழும் மாணவர்களுக்கு விடை தெரிந்திருக்கும். மணலில் மூச்சு வாங்கும். கெண்டைக்கால் தசை சோர்ந்துபோகும். சிமெண்டில் மூச்சு அவ்வளவாக வாங்காது. ஆனால் குதிகாலும், கணைக்கால் எலும்பின் முன்பக்கமும், முழங்காலும் வலிக்கும். ஒரே உடல், ஒரே கால்கள், ஒரே நேரம். தரை மட்டுமே மாறியது. அப்படியானால் தரை நம் காலுக்கு என்ன செய்கிறது? அதற்குக் காலணி என்ன மறுமொழி சொல்கிறது? இவற்றை அறிந்துகொண்டால் கடையில் பளபளக்கும் காலணிகளுக்கு நடுவே நின்று விழிக்க வேண்டியிராது.

தரையும் உதைக்கும்

நியூட்டனின் மூன்றாம் விதியை நீங்கள் படித்திருப்பீர்கள். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு. நீங்கள் தரையை மிதிக்கும்போது தரையும் உங்கள் காலை மேல்நோக்கி உதைக்கிறது. அசையாமல் நிற்கும்போது இந்த எதிர்விசை உங்கள் உடல் எடைக்குச் சமம். நடக்கும்போது உடல் எடையைப் போல் ஏறக்குறைய 1.2 மடங்கு வரை உயருகிறது. ஓடும்போது 2 முதல் 3 மடங்கு. உயரத் தாவி விறைப்பாக இறங்கினால் அதற்கும் மேல்.

படி ஏறி இறங்கும் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். இது புதியதன்று. 1943ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய 50 செ.மீ. உயரப் பலகையில் நிமிடத்திற்கு 30 முறை, 5 நிமிடம் ஏறி இறங்கச் செய்து இதயத்தின் வலிமையை அளந்தார்கள். உங்கள் உடற்பயிற்சி ஆசிரியருக்கு 'ஹார்வர்டு படிச் சோதனை' என்றால் தெரியும். 1980களின் இறுதியில், முழங்காலில் அடிபட்டிருந்த ஜின் மில்லர் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் படி ஏறி இறங்கித் தம் காலைத் தேற்றிக்கொண்டார். அதையே இசைக்கு ஏற்ற பயிற்சியாக அவர் வளர்த்தார். அதுதான் இன்று நகரங்களின் உடற்பயிற்சிக் கூடங்களில் நடக்கும் 'ஸ்டெப் ஏரோபிக்ஸ்'. இதில் படியின் உயரம் பெரும்பாலும் 10 முதல் 20 செ.மீ. வரைதான்.

இசையின் தாளம் நிமிடத்திற்கு 120 என்று கொள்வோம். ஒவ்வொரு தாளத்திற்கும் ஒரு கால் பதிகிறது. அரை மணியில் 3,600 பதிவுகள். ஒரு காலுக்கு 1,800. உங்கள் எடை 50 கிலோ, ஒவ்வொரு பதிவிலும் சராசரியாக ஒன்றரை மடங்கு விசை என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறையும் 75 கிலோ எடையை ஒரு கால் தாங்குகிறது. 1,800 முறையையும் கூட்டிப் பாருங்கள். 1,35,000 கிலோ, அதாவது 135 டன்! ஒரே நேரத்தில் அல்லாமல் சிறுகச் சிறுக வருவதால்தான் கால் அதைத் தாங்குகிறது.

நிற்கும் தூரமே உயிர்நாடி

இனி ஒரு கணக்கு. 50 கிலோ எடையுள்ள மாணவி 20 செ.மீ. உயரத்திலிருந்து தரையில் குதிக்கிறாள். தரையைத் தொட்ட பிறகு அவள் உடல் முழுமையாக நிற்பதற்கு எவ்வளவு தூரம் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே விசை அமைகிறது. விழும்போது பெற்ற ஆற்றல் முழுவதையும் அந்தத் தூரத்திற்குள் செலவழித்தாக வேண்டும் அல்லவா?

முழங்காலை மடக்காமல் விறைப்பாக இறங்கினால் நிற்கும் தூரம் 2 செ.மீ. என்று கொள்வோம். மொத்த இறக்கம் 22 செ.மீ. அவளுடைய எடை 490 நியூட்டன். ஆகவே சராசரி விசை 490 × 22 ÷ 2 = 5,390 நியூட்டன். இது உடல் எடையைப் போல் 11 மடங்கு!

முழங்காலையும் இடுப்பையும் மடக்கி மெதுவாக இறங்கினால் நிற்கும் தூரம் 10 செ.மீ. ஆகலாம். அப்போது விசை 490 × 30 ÷ 10 = 1,470 நியூட்டன். வெறும் 3 மடங்கு.

இப்போது அவளுக்கு ஒரு காலணி கொடுப்போம். அதன் மெத்தை 1 செ.மீ. அமுங்குகிறது. விறைப்பாக இறங்கும்போது 11 மடங்கு ஏறக்குறைய 7.7 மடங்காகக் குறைகிறது. மடங்கி இறங்கும்போதோ 3 மடங்கு 2.8 ஆகிறது, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு எளிமையாக்கப்பட்டது என்றாலும் இரண்டு உண்மைகளைச் சொல்கிறது. முதலாவது, தவறாகக் குதிப்பவரைக் காலணி ஓரளவு காப்பாற்றும். இரண்டாவது, சரியாகக் குதிக்கத் தெரிந்தவருக்கு அவருடைய முழங்காலே மிகச் சிறந்த மெத்தை. விலையுயர்ந்த காலணி வாங்குவதற்கு முன்னால் ஓசைப்படாமல் இறங்கப் பழகுங்கள். 'தொப்' என்று கேட்டால் நிற்கும் தூரம் போதவில்லை என்று பொருள்.

மணல் கற்பிக்கும் பாடம்

மெத்தை என்றால் மென்மையாக இருந்தால் போதுமா? போதாது என்பதை மணல் காட்டுகிறது. மணலில் கால் புதைவதால் நிற்கும் தூரம் தானாகவே கூடுகிறது, அதிர்ச்சி குறைகிறது. ஆனால் நீங்கள் கொடுத்த ஆற்றலை மணல் திருப்பித் தருவதில்லை. மணல் துகள்கள் ஒன்றோடொன்று உராய்ந்து அதை வெப்பமாக்கிவிடுகின்றன. 1998ஆம் ஆண்டில் பெல்ஜிய அறிவியலாளர்கள் வெளியிட்ட அளவீட்டின்படி, கெட்டித் தரையில் நடப்பதைவிட மணலில் அதே வேகத்தில் நடக்க 2.1 முதல் 2.7 மடங்கு ஆற்றல் செலவாகிறது. ஓடுவதற்கு 1.6 மடங்கு. மூச்சு வாங்கும் காரணம் இதுதான்.

அலை நனைத்துச் சென்ற ஈர மணலில் ஓடுவது எளிதாக இருப்பதையும் கவனித்திருப்பீர்கள். மணல் துகள்களுக்கு இடையே தங்கும் நீர்ப் படலத்தின் பரப்பு இழுவிசை அவற்றைப் பிணைத்து வைக்கிறது. உலர்ந்த மணல் நழுவுகிறது. ஈர மணல் தாங்குகிறது. ஆனால் கடலோரம் சரிவானது. ஒரே திசையில் நெடுந்தூரம் ஓடினால் ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே பதியும். இடுப்பும் முழங்காலும் கோணும். ஆகவே போன வழியே திரும்பி வாருங்கள்.

நல்ல காலணியின் மெத்தை உலர் மணலைப் போலவும் இருக்கக்கூடாது. சிமெண்டைப் போலவும் இருக்கக்கூடாது. அமுங்க வேண்டும், உடனே மீள வேண்டும். இன்றைய விளையாட்டுக் காலணிகள் பலவற்றில் 'ஈ.வி.ஏ.' எனப்படும் எத்திலீன் வினைல் அசிடேட் நுரை பயன்படுவது இதனால்தான். அதனுள் எண்ணற்ற நுண்ணிய காற்றறைகள் உள்ளன. மிதித்தால் அவை சுருங்கி, காலை எடுத்ததும் விரிகின்றன. நாளடைவில் அறைச் சுவர்கள் மடிந்து உடைந்து, நுரை தட்டையாகிவிடுகிறது. ஓட்டக் காலணியை 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்வது இதனால்தான். மேல்பகுதி புத்தம் புதிதாகத் தெரிந்தாலும் உள்ளே மெத்தை செத்துப் போயிருக்கலாம்.

வேலூரில் கிடைத்த விளக்கம்

சிறு விசை திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் தாக்கினால் என்ன ஆகும் என்பதை உலகுக்கு விளக்கிய ஆராய்ச்சி தமிழ்நாட்டில் தொடங்கியது. கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டில் பிறந்த டாக்டர் பால் பிராண்டு, 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் பாதங்கள் புண்ணாகிச் சிதைவதைக் கண்டார். நோய்தான் சதையைத் தின்கிறது என்று அன்று எல்லாரும் நம்பினர். பிராண்டு வேறு காரணத்தைக் கண்டார். நோய் நரம்பைத் தாக்கி வலி உணர்வை அழித்துவிடுகிறது. வலி தெரியாததால் அவர்கள் ஒரே இடத்தை ஒரே விதமாக மிதித்துக்கொண்டே இருக்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் தீங்கற்ற மிதிகள்தாம். ஆயிரக்கணக்கில் சேரும்போது திசு வீங்கி, பிறகு கிழிகிறது.

வலி உணர்வுள்ள நாமோ, ஓரிடம் நொந்தால் நம்மை அறியாமலே நடையை மாற்றிச் சுமையை வேறிடத்துக்குத் தள்ளிவிடுகிறோம். இழந்த அந்தக் காவலுக்கு ஈடாக, அழுத்தத்தைப் பாதம் முழுவதும் பரப்பும் நுண்ணறை ரப்பர் செருப்புகள் பயன்பாட்டுக்கு வந்தன. இன்று நீரிழிவு நோயாளிகளுக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் 'எம்.சி.ஆர். செருப்பு' அந்த வகைதான்.

இதில் உங்களுக்கும் ஒரு பாடம் உண்டு. வலி உங்கள் எதிரியன்று, அது காவற்காரன். விளையாட்டு விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது திடீரெனப் பயிற்சியை இரட்டிப்பாக்கினால், கணைக்கால் எலும்பில் மயிரிழை விரிசல் விழக்கூடும். எலும்பு தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ள அவகாசம் வேண்டும். விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் வலி நிலைத்திருந்தால், ஓய்வின்போதும் வலித்தால், பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் செல்லுங்கள். எந்தக் காலணியும் அதற்கு மருந்தாகாது.

பாதம் என்னும் வில்

நம் ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் உள்ளன. அவை வில்லைப் போல வளைந்து நிற்கின்றன. மிதிக்கும்போது வில் தட்டையாகி, எடுக்கும்போது மீள்கிறது. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் கையாளும் ஆற்றலில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை இந்த வில் சேமித்துத் திருப்பித் தருகிறது என 1987இல் இங்கிலாந்து அறிவியலாளர்கள் அளந்து காட்டினர்.

அப்படியானால் வெறுங்காலே போதாதா என்ற ஐயம் எழலாம். ஓரளவு உண்மைதான். 1992இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் 4 முதல் 13 வயது வரையுள்ள 2,300 குழந்தைகளின் பாதச் சுவடுகளைப் பார்த்தார்கள். காலணி அணிந்தவர்களில் 8.6 விழுக்காட்டினருக்கும், அணியாதவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கும் தட்டைப் பாதம் இருந்தது. வெறுங்காலோடு மணலில் கரைவலை இழுப்பவரின் பாதம் விரல்கள் விரிந்து உறுதியாக இருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆனால் மணல் வேறு, சிமெண்டு வேறு. நடப்பது வேறு, 3,600 முறை ஏறி இறங்குவது வேறு. தவிர, சீமைக் கருவேல முள்ளும் உடைந்த சிப்பியும் நண்பகல் வெயிலில் கொதிக்கும் தரையும் நம் வில்லைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. மென்மையான தரையில் சிறிது நேரம் வெறுங்காலோடு விளையாடுங்கள். கெட்டித் தரையில் குதிக்கும்போது காலணி அணியுங்கள்.

இராமேசுவரத்து விஞ்ஞானியும் எடை குறைந்த காலும்

காலில் கட்டும் பொருளின் எடை ஏன் முக்கியம்? முதுகில் உள்ள பை உடலோடு சீராக நகர்கிறது. பாதமோ ஒவ்வோர் அடியிலும் முழுமையாக நின்று, மறுபடி உடலை முந்தும் வேகத்தை எட்ட வேண்டும். ஆகவே அதில் ஏற்றிய ஒவ்வொரு கிராமையும் ஒவ்வோர் அடியிலும் புதிதாக முடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு காலணியின் எடையில் 100 கிராம் கூடினால் ஓடுவதற்கான ஆற்றல் செலவு ஏறக்குறைய 1 விழுக்காடு கூடுகிறது.

இதை உணர்ந்து செயல்பட்டவர்களில் ஒருவர் உங்கள் கடற்கரையைச் சேர்ந்தவர். 1931இல் இராமேசுவரத்தில் பிறந்து, இராமநாதபுரம் சுவார்ட்சு உயர்நிலைப் பள்ளியில் படித்து, ஏவுகணை விஞ்ஞானியாகவும் பின்னர் குடியரசுத் தலைவராகவும் உயர்ந்த டாக்டர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம்தான் அவர். ஐதராபாத்தில் அவர் பணியாற்றியபோது, நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் எலும்பு மருத்துவர் ஒருவர் அவருடைய ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். ஏவுகணைக்கென உருவாக்கிய கூட்டுப்பொருளைக் கையில் எடுத்தவர் அதன் இலேசைக் கண்டு வியந்து, கலாமைத் தம் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே இளம்பிள்ளை வாதத்தால் கால் பாதிக்கப்பட்ட சிறுவர் சிறுமியர் மூன்று கிலோவுக்கும் மேல் எடையுள்ள உலோகத் தாங்கிகளை இழுத்து நடந்துகொண்டிருந்தனர். சில வாரங்களில் ஏறக்குறைய 300 கிராம் எடையுள்ள தாங்கிகள் உருவாயின. குழந்தைகள் ஓடத் தொடங்கினர். தமக்குப் பெரும் மகிழ்ச்சி தந்த பணிகளுள் ஒன்றாகக் கலாம் இதைக் குறிப்பிட்டிருக்கிறார்.

அந்தத் தாங்கியின் பெயர் என்ன தெரியுமா? 'தரை எதிர்விசைத் தாங்கி'. நாம் முதலில் பார்த்த அதே எதிர்விசைதான்! தாங்கியின் முன்பலகை கணைக்காலைப் பிடித்துக்கொள்கிறது. தரையின் உதை முழங்காலுக்கு முன்பாகச் செல்லும்படி அது திருப்பிவிடுகிறது. வலுவிழந்த தசை செய்ய வேண்டிய வேலையைத் தரையே செய்து முழங்காலை நிமிர்த்துகிறது. இந்தியாவில் இளம்பிள்ளை வாதம் ஒழிந்ததாக 2014இல் உலக நலவாழ்வு நிறுவனம் சான்றளித்தது. ஆனாலும் அந்தத் தாங்கி சொல்லும் பாடம் பழையதாகவில்லை. எதிர்விசையைத் தடுக்க முடியாது. அதை நல்ல வழியில் திருப்ப முடியும்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

ஓட்டக் காலணி முன்நோக்கிய நகர்வுக்காகச் செய்யப்பட்டது. குதிகால் உயர்ந்து, அடிப்பகுதி ஆழமான பள்ளங்களோடு இருக்கும். படிப் பயிற்சியிலும் குதிக்கும் பயிற்சியிலும் நீங்கள் பக்கவாட்டில் நகர்கிறீர்கள், திரும்புகிறீர்கள், பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்குகிறீர்கள். ஆகவே வேண்டுவன இவை:

1. முன்பாதத்தின் கீழும் மெத்தை இருக்க வேண்டும். குதிகாலில் மட்டும் தடித்திருந்தால் பயனில்லை.

2. அடிப்பகுதி அகலமாகவும் தாழ்வாகவும் இருக்க வேண்டும். உயர்ந்து மிக மெத்தென்றிருப்பது பக்கவாட்டில் சாய்ந்து கணுக்காலைப் பிரட்டிவிடும்.

3. குதிகாலைச் சுற்றிய பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். எளிதில் மடங்கக்கூடாது.

4. முனையையும் குதிகாலையும் பிடித்து வளையுங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில்தான் வளைய வேண்டும். நடுவில் மடங்கினால் வேண்டாம். துணி பிழிவது போல் முறுக்கினால் எளிதில் முறுகக்கூடாது.

5. அடியில் உள்ள ரப்பர் வழுக்கவும் கூடாது, பலகையைக் கவ்வி நிற்கவும் கூடாது. கால் திரும்பாமல் உடல் மட்டும் திரும்பினால் முறுக்கை முழங்கால்தான் ஏற்கும்.

6. மாலையில் போய் வாங்குங்கள். பகல் முழுதும் நின்ற கால் சற்று வீங்கியிருக்கும். பயிற்சிக்கு அணியும் காலுறையோடு, இரண்டு காலையும் போட்டுப் பாருங்கள். நீண்ட விரலுக்கு முன் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும்.

ஈரக் காலைத் தரையில் பதித்து, சுவட்டைப் பார்த்துக் காலணி தேர்ந்தெடுக்கச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 2009, 2010ஆம் ஆண்டுகளில் வெளியான அமெரிக்கப் படைகளின் சோதனைகளில், புதிதாகச் சேர்ந்த ஆயிரக்கணக்கான வீரர்களுக்கு அவ்வாறு தேர்ந்தெடுத்துக் கொடுத்துப் பார்த்தனர். எல்லாருக்கும் ஒரே வகை கொடுத்ததைவிடக் காயம் குறையவில்லை! போட்டு நடக்கும்போதும் குதிக்கும்போதும் உங்கள் காலுக்கு எது இதமாக இருக்கிறதோ அதுவே நல்ல வழிகாட்டி.

அளவு எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். நம் கடைகளில் உள்ள எண்கள் வெளிநாட்டுப் பாதங்களைக் கொண்டு அமைந்தவை. 1948இல் சென்னையில் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை அளந்தது. இந்தியப் பாதங்கள் பொதுவாக அகலமானவை என்று தெரியவந்தது. அகலம் போதாததால் நீளமான எண்ணை வாங்கி, நாடாவை இறுக்கிக் கட்டுகிறோம். உள்ளே கால் வழுக்குகிறது. 'பா' என்ற பெயரில் இந்தியருக்கான புதிய அளவுமுறையை அந்த ஆய்வைக் கொண்டு முன்மொழிந்துள்ளனர். உங்கள் வயதில் பாதம் வேகமாக வளரும். ஆகவே சென்ற ஆண்டின் எண்ணைச் சொல்லி வாங்காதீர்கள்.

கடற்கரையில் காலணியைக் காப்பது

கடல்நீர் பட்ட காலணியை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். உப்பு தங்கினால் காற்றின் ஈரத்தை இழுத்து, காலணியை எப்போதும் நசநசப்பாக வைத்திருக்கும். கடும் வெயில் பசையையும் நுரையையும் கெடுக்கும். இன்னொரு வியப்பு: பாலியூரித்தேன் அடிப்பகுதியுள்ள காலணியைப் பல ஆண்டு பெட்டியிலேயே பத்திரப்படுத்தினாலும், ஈரக்காற்று அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை மெல்ல அறுத்து, ஒருநாள் போட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். ஆகவே தள்ளுபடியில் வரும் பழைய சரக்கை அழுத்திப் பார்த்து வாங்குங்கள்.

நல்ல காலணி வாங்க இப்போது வீட்டில் வசதியில்லையா? வருந்த வேண்டாம். தேய்ந்த கான்வாஸ் ஷூவோடு சிமெண்டில் குதிப்பதைவிட, மண் தரையிலோ ஈர மணலிலோ பயிற்சி செய்யுங்கள். படியின் உயரத்தைக் குறையுங்கள். வாரத்திற்கு வாரம் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஓசையின்றி இறங்குங்கள். இந்த நான்கும் காசில்லாமல் கிடைக்கும் மெத்தைகள்.

செய்து பாருங்கள்

ஒரு ரப்பர் பந்தை 1 மீட்டர் உயரத்திலிருந்து சிமெண்டு, உலர் மணல், ஈர மணல், பழைய காலணியின் உள்மெத்தை, புதிய காலணியின் உள்மெத்தை ஆகியவற்றின் மேல் விடுங்கள். ஒவ்வொன்றிலும் பந்து எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று அளவுகோலால் அளந்து, ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள். எது ஆற்றலைத் திருப்பித் தருகிறது, எது விழுங்குகிறது? அட்டவணை போட்டு வகுப்பில் ஒட்டுங்கள். பழைய மெத்தைக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்த பிறகு, உங்கள் காலணியை எப்போது மாற்ற வேண்டும் என்று நீங்களே முடிவு செய்வீர்கள்.